கப்பல் ஜீப்பின் இடதுபக்க சீட்

அந்த ஜீப்பை வாங்குவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. சண்டை போட்டது நான் மட்டும்தான். என் அப்பா, நைனா, சண்டை போடமாட்டார். நான் கத்தி முடிக்கும்வரை தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முடித்ததும், "நல்ல வண்டிம்மா" என்பார். நான் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் செஞ்சியில் ஆஸ்பத்திரி நர்ஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் நானும் நைனாவும் இருந்தோம். அம்மா நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டாள். நைனா ஒரு ரைஸ் மில்லில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குமேல் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்த மனிதர். லைசென்ஸ் வந்த அன்று அதை என்னிடம் கொடுத்து மூன்று தரம் படிக்கச் சொன்னார்.

ஜீப் எங்கள் சொந்த ஊர் ஆண்டையுடையது. சிங்கவரம் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அங்கே நிலமெல்லாம் அவர்களுடையது, அதில் குனிந்து நிமிர்ந்த முதுகெல்லாம் எங்களுடையது. அவரை ஆண்டை என்றுதான் நாங்கள் கூப்பிட வேண்டும். பெயரைச் சொன்னால் வாயில் புண் வரும் என்று சின்ன வயதில் நம்பியிருந்தேன். இப்போதும் பெயரைச் சொல்லப் போவதில்லை. பயம் இல்லை, எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய அப்பா பெரிய ஆண்டை, சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து மெட்ராஸில் அந்த வண்டியை வாங்கி வந்தாராம். கப்பலில் வந்த வண்டி என்பதால் சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாருக்கும் அது கப்பல் ஜீப். ஏரிக்கரை, வரப்பு, பாறைமேடு எதுவானாலும் ஏறி இறங்கும். உள்ளே ரேடியோ இருந்தது, குட்டி ஃபேன் இருந்தது, சிகரெட் பற்றவைக்க ஒரு குமிழ்கூட இருந்தது. எல்லாவற்றையும்விடப் பேர்போனது டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த இடதுபக்க சீட். சிவப்புத் தோல், இரண்டு பக்கமும் கைவைக்கத் திண்டு. அதில் பெரிய ஆண்டை தவிர யாரும் உட்கார மாட்டார்கள்.

நைனா அந்த வண்டிக்குப் பதினான்கு வருஷம் வேலை செய்தார். ஓட்டுகிற வேலை இல்லை. அதற்கு வேறு சாதியில் ஒரு டிரைவர் இருந்தார். நைனாவுக்கு ஏரியில் வைத்துக் கழுவுகிற வேலை, செல்ஃப் எடுக்காதபோது தள்ளுகிற வேலை, வண்டி போகும்போது பின்பக்கப் படியில் நின்றுகொண்டு போய் வழியில் படலோ கேட்டோ வந்தால் குதித்து ஓடித் திறந்துவிடுகிற வேலை. தொண்டூர்ப் பக்கம் போய்விட்டு வருகிற நாட்களில் செம்மண் புழுதி அப்பி வந்து இறங்குவார். கண் இரண்டும் மட்டும் தெரியும். வண்டிக்குள்ளே இடம் இருக்கும். நான்கு பேர் உட்காருகிற மாதிரி பின்னால் பெஞ்சு இருந்தது. ஏழெட்டு வயதில் ஒருநாள், "நீ ஏன் நைனா உள்ள உக்காரல?" என்று கேட்டேன். "காத்தோட்டமா இருக்கும்மா வெளிய" என்றார். அன்றைக்கு வந்த கோபம்தான் எனக்கு. அது வளர்ந்ததே தவிர இறங்கவில்லை.

அப்படிப்பட்ட வண்டியைத்தான் மகன் சின்ன ஆண்டை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, நைனா வாங்கலாம் என்றார். புதிதாகக் கார் வாங்கிவிட்டாராம், இதற்குப் பெட்ரோல் ஊற்றி மாளவில்லையாம்.

"உனக்கு ரோஷமே கெடையாதா? நீ தொங்கிக்கினு போன வண்டிய நீயே துட்டு குடுத்து வாங்கணுமா?" என்று கத்தினேன்.

"தொங்கனதாலதாம்மா சொல்றேன். அதுல ஒவ்வொரு நட்டும் எனக்குத் தெரியும்."

"நான் சேத்து வச்சிருக்கறது மனை வாங்க."

"மனைய அப்பறம் வாங்கிக்கலாம். நீ அந்த சீட்டுல உக்காந்து ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கணும். நான் ஓட்டியாரணும்."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. ஆசைப்பட்டதுதான் ஆசைப்பட்டார், வேறு எதற்காவது ஆசைப்பட்டிருக்கக் கூடாதா? உலகத்தில் அந்த ஒரு சீட்தானா கிடைத்தது?

"அப்படி இன்னா இருக்குது அந்த சீட்டுல?"

"உக்காந்தா அப்படியே ஆள உள்ள வாங்கிக்குமாம்."

"நீ உக்காந்து பாத்தியா?"

"தொடைக்கறப்ப கை உள்ள போவும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் இறங்கி வந்தது சீட்டுக்காக இல்லை. அந்த மழைக்காலத்தில் தொண்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு குக்கிராமத்திலிருந்து பிரசவத்துக்கு ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த ஊருக்கு பஸ் கிடையாது. டாக்ஸிக்காரர்கள் சேற்றில் இறங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மாட்டுவண்டி ஓடையில் மாட்டிக்கொண்டு, அவள் எங்களிடம் வந்து சேர்ந்தபோது குழந்தை போய்விட்டிருந்தது. தாயைக் காப்பாற்றினோம். அவளுடைய புருஷன் முழங்கால்வரை சேற்றோடு வராந்தாவில் நின்று, "வண்டி இல்லம்மா, வண்டி இல்லம்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை நைனாவிடம், "போய்ப் பேசு" என்றேன். வாடகைக்கு ஓட்டலாம், பிரசவக் கேஸ் வந்தால் ஓடி எடுக்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.

நைனா பஜாரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாயை முதலில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பாய் பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னார்: "இஞ்சின் சிங்கம்மா. பார்ட்ஸ்தான் கெடைக்காது. ஒடஞ்சா லேத்துல கடஞ்சி போட்டுக்கணும். நைனா பாத்துக்குவாரு, அவருக்குத்தான் அது புள்ள மாதிரி ஆச்சே."

விலை பேச நானும் போனேன். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு ஆண்டை உட்கார்ந்திருந்தார், நாங்கள் வாசலில் வெயிலில் நின்றோம். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். நைனாவைவிடப் பதினைந்து வயதாவது குறைவு.

"இன்னாடா, ஜீப்பு வாங்கற அளவுக்கு வந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நைனாவும் சேர்ந்து சிரித்தார். சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டோம். அட்வான்ஸைக் கையில் வாங்காமல், "அங்க வை" என்று தாழ்வாரத்து ஓரத்தைக் காட்டினார். வைத்தேன். ஓடையில் மாட்டிய அந்த மாட்டுவண்டியை நினைத்துக்கொண்டு வைத்தேன்.

மிச்சப் பணத்தைக் கொடுத்து வண்டியை எடுக்கிற நாளன்று நைனா காலையிலேயே குளித்து, புதுத் துண்டு போட்டுக்கொண்டு, பஜாரில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வண்டிக்குப் போட ஒரு சாமந்தி மாலையும் வாங்கி வைத்திருந்தார். நான் டியூட்டி முடித்து வெள்ளைச் சேலையோடு அப்படியே கிளம்பினேன். சிங்கவரம்வரை பஸ், அதன்பிறகு நடை. வழியெல்லாம் நைனா பேசிக்கொண்டே வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கோட்டை மதில் ஓரமாக ஒருதரம் ஓட்டிக் காட்டுகிறேன் என்றார், ரேடியோவைப் பாய் சரிபண்ணித் தருவார் என்றார்.

வண்டி கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. நைனா மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். நான் இடதுபக்கக் கதவைத் திறந்தேன்.

சீட் இல்லை.

சீட் இருந்த இடத்தில் தகரம் தெரிந்தது. நான்கு ஓட்டைகள், சுற்றிலும் துரு. அதன்மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். டிரைவர் சீட் இருந்தது, பின்பக்கப் பெஞ்சு இருந்தது. அது மட்டும் இல்லை.

"நைனா, சீட்டு எங்க?" என்றேன்.

தாழ்வாரத்திலிருந்து ஆண்டைதான் பதில் சொன்னார். "அதுவா? அது எங்க அப்பாரு உக்காந்த எடம். மாட்ட வித்தா கயித்த குடுப்பாங்களா? உன் நைனாவக் கேளு. அவனுக்குத் தெரியும்."

எங்கள் பக்கத்தில் மாட்டை விற்கிறவர்கள் கயிற்றை விற்க மாட்டார்கள். கயிற்றையும் கொடுத்துவிட்டால் வீட்டு லட்சுமி மாட்டோடு போய்விடும் என்பார்கள். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிக்கொண்டு போவான். என்னை நர்ஸ் படிப்புக்குச் சேர்க்க நைனா எங்களுடைய ஒரே பசுவை விற்றார். அப்போது அவிழ்த்து வைத்த கயிறு செஞ்சி வீட்டிலும் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. வெள்ளிக்கிழமை அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுவார்.

நைனாவின் கையில் மாலை அப்படியே இருந்தது. ஆண்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க ஆண்ட. வழக்கந்தாங்க" என்றார்.

"இன்னா வழக்கம்?" என்று நான் கத்திவிட்டேன். "ஜீப்பு இன்னா புல்லு திங்குதா? சீட்டு இல்லன்னு வெல பேசறப்ப சொன்னாரா?"

"வுடும்மா. கயிறு மாதிரி நெனச்சிக்க. ஒரு பலவ அடிச்சிக்கலாம்."

"ஓட்டறவனுக்கு சீட்டு இருக்குதில்ல? பின்னால பெஞ்சி இருக்குது" என்றார் ஆண்டை. நைனாவிடம் பேசுகிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார். "முன்னால யாரு உக்காரப் போறாங்க?"

"நான் உக்காரப் போறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. சின்னக் குழந்தை ஏதோ மழலை பேசிவிட்டதுபோல் சிரித்தார்.

"பாப்பா நல்லா பேசுது. நர்சம்மா ஆச்சே! சரி, வந்தது வந்துட்ட, எங்கம்மாவுக்கு ஒரு ஊசி போட்டுட்டுப் போ. மருந்து, சிரிஞ்சி எல்லாம் வாங்கி வச்சிருக்குது, போடத்தான் ஆள் இல்ல. இப்படி வேணாம், தோட்டத்துப் பக்கமா சுத்திப் போ."

ஊசி போட என் கை அவர் அம்மாவின் உடம்பில் படலாம். வாசல்படியில் என் கால் படக்கூடாது, சீட்டில் என் உடம்பு படக்கூடாது. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லியிருப்பேன். ஆனால் உள்ளே படுத்திருப்பது நோயாளி. படித்த படிப்பு என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. மாட்டுக்கொட்டகையைச் சுற்றி, பின்பக்கமாகப் போய், வெந்நீரில் சிரிஞ்சை நன்றாகக் கொதிக்கவைத்து ஊசி போட்டேன். அந்தம்மா, "வலிக்கவே இல்லடி, நல்லா இரு" என்றாள்.

திரும்பி வரும்போதுதான் பார்த்தேன். போகும்போது கோபத்தில் விறுவிறுவென்று போனதில் கண்ணில் படவில்லை. மாட்டுக்கொட்டகைக்கும் வைக்கோல்போருக்கும் நடுவில், வேப்பமரத்தடியில் அந்த சீட் கிடந்தது. சிவப்புத் தோலெல்லாம் மண். ஒரு திண்டு பிய்ந்து தொங்கியது. அதன்மேல் ஒரு செவலை நாய் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சீட்டுக்குக் கீழே நான்கு போல்ட்டும் சிதறிக் கிடந்தன.

ஒரு ஆணியில் மாட்டிச் சாம்பிராணி காட்டியிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன்.

"நைனா! இங்க வா!" என்று கத்தினேன். "உங்க கயித்த வந்து பாரு!"

நைனா ஓடி வந்தார். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். மூச்சு வாங்க என்னைப் பார்த்தார், அப்புறம் என் கை காட்டிய பக்கம் பார்த்தார். ரொம்பநேரம் பார்த்தார். நான் சும்மா இருக்கவில்லை. "நாய் உக்காரலாம், நான் உக்காரக்கூடாது. இதுக்குப் பேரு லட்சுமியா? இதுக்குத்தான் நீ ஆமாங்க போட்டியா?" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். ஆண்டைமேல் இருந்த கோபத்தைவிட அந்த நேரத்தில் நைனாமேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அதை மறைக்க இப்போதும் எனக்கு மனசில்லை.

நைனா நாயை, "ச்சூ, போ" என்று விரட்டினார். அது சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனது. மாலையை வேப்பமரத்து வேரில் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த புதுத் துண்டை அவிழ்த்து உதறி, குனிந்து சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். முதலில் சாய்கிற இடம், அப்புறம் உட்காருகிற இடம், அப்புறம் தையல் இடுக்குகள். நாய்முடியைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தார். புதுத் துண்டு மண்ணாகிக் கொண்டே வந்தது.

"உக்காரும்மா" என்றார்.

"உக்கார மாட்டேன். நாய் படுத்ததுல நான் உக்காரணுமா? நீயே உக்காரு."

கோபத்தில்தான் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முதுகைச் சாய்த்து, இருந்த ஒரு திண்டின்மேல் கையை வைத்து, காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். எதிரே வைக்கோல்போர்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தரம் லேசாக எழும்பி எழும்பி உட்கார்ந்து பார்த்தார். அப்போதுதான் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஆண்டை வந்தார்.

"டேய்! எழுந்திர்றா!"

ஊரே நடுங்கும் குரல் அது. நைனா உடனே எழுந்திருக்கவில்லை. சீட்டின் நடுவில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் அப்படியே குழிந்து நின்றது. அதன்பிறகு எழுந்து, துண்டைத் தோளில் போட்டார். ஆண்டைக்கு முன்னால் இடுப்பில் கட்ட வேண்டிய துண்டு.

"ஸ்பிரிங்கு செத்துப் போச்சிங்க. இந்த வண்டி எனக்கு வேணாங்க" என்றார்.

ஆண்டை என்னென்னவோ சொன்னார். எங்கள் சாதியைச் சொன்னார், நைனா தின்ற சோற்றைச் சொன்னார், டவுனுக்குப் போனதால் வந்த கொழுப்பைச் சொன்னார். "அட்வான்ஸ குடுங்க, போறோம்" என்று நான் சொன்னேன். தாழ்வாரத்து ஓரத்தில் வீசினார். "கையில குடுங்க" என்றேன். அவர் கொடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கடைசியில் அவர் அம்மா உள்ளேயிருந்து தள்ளாடி வந்து அதை எடுத்து என் கையில் வைத்தாள். மாலை வேப்பமரத்தடியிலேயே கிடந்தது.

அடுத்த மழைக்கும் அந்தப் பக்கத்துப் பெண்கள் மாட்டுவண்டியில்தான் வந்தார்கள். ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும், அன்றைக்கு நான் அந்தச் சீட்டைப் பார்க்காமலே வந்திருந்தால், நைனாவும் ஒரு பலகையை அடித்து ஓட்டியிருப்பாரே என்று நினைப்பேன். அப்போது எனக்கு என்மேலேயே கோபம் வரும். அடுத்த நிமிஷமே, நான் ஏன் என்மேல் கோபப்பட வேண்டும், நான்கு போல்ட்டைக் கழற்றினவன் அங்கே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறானே என்று பல்லைக் கடிப்பேன். ஜீப்பை அதற்கப்புறம் யாரும் வாங்கவில்லை. கொட்டகையிலேயே டயர் செத்து உட்கார்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அன்று பஸ்ஸுக்கு நடந்து வருகிற வழியில் நான் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தேன். நைனா முன்னால் போய்க்கொண்டிருந்தார். தோளில் அந்த மண்துண்டு. பாதி வழியில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"பதினாலு வருஷம் தொடச்சேன்" என்றார். "கை வச்சிப் பாத்ததோட சரி. உக்காந்து பாத்தாதானே தெரியுது."

"இன்னா தெரியுது?" என்று எரிந்து விழுந்தேன்.

"சாதாரண சீட்டும்மா" என்றார்.